நடுவில் நின்றால் நல்லா வரும்

இந்த போனா அக்கா? நல்ல போன்தான். உங்க மகன் இதைத்தான் கேட்கிறான் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்க. ஓடைக்குள் விழுந்திருக்கிறது, மடியில் தூங்குகிறாளே இந்தக் குட்டி, இவள் ஒருதடவை கஞ்சிச் சட்டிக்குள் போட்டாள், இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ரொம்ப விலை கூடினதும் இல்லை, ரொம்ப மட்டமும் இல்லை. நம்மை மாதிரி ஆட்களுக்கு ஏற்ற நடுவாந்தரம். ஆனால் குறையையும் தெரிந்துகொண்டு வாங்கணும் இல்லையா. கடையில் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள். குறையை வைத்திருக்கிறவள்தான் சொல்லணும்.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க, இவள் கால் உங்க சேலையில் படுகிறது. தூங்கட்டும். பஸ் கோவில்பட்டி போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கிறது. பேச்சை நிறுத்தினால் நானும் தூங்கிவிடுவேன். சரியாகத் தூங்கி எத்தனையோ நாளாகிறது அக்கா. வீட்டில் ஒரு சாவு. எங்க அத்தை. ஆமா, மாமியார்தான். நாளைக்குப் பதினாறாம் நாள் விசேஷம். வாசலில் பந்தல் போட ஆள் வந்து நிற்கிறது, நான் இந்த போனைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போகிறேன். போன் சரியாக இருந்தால் இந்த அலைச்சலே இல்லை. எல்லாம் இதால் வந்த வினை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சார்ஜ் நிற்கும். காலையில் ஏற்றினால் இருட்டுகிற வரைக்கும் கவலை இல்லை. சத்தம் நல்ல சத்தம். எதிர் வீட்டு சீரியலையே அமுக்கிவிடும். டவர் எங்க ஊரில் புளியமரத்தடியில் மட்டும்தான் எடுக்கும், அது போன் குற்றம் இல்லை, ஊர்க் குற்றம்.

வாங்கிக் கொடுத்தது எங்க வீட்டுக்காரர்தான். அவர் ரிக் வண்டியில் ஓடுகிறார். போர் போடுகிற வண்டி. சத்தீஸ்கர் பக்கம் போனால் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் வருவார். ஒரு பொங்கலுக்கு வந்தபோது இதை வாங்கி வந்து நேராக அத்தை கையில் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், சொல்வதற்கு என்ன. “யம்மா, இது வீட்டுக்கு. ராத்திரி வீடியோவுல வருவேன், உங்க எல்லாரையும் பாக்கணும்”னு சொன்னார். அத்தை அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். தீபாராதனை மட்டும்தான் காட்டவில்லை. போனை அப்படியா வைப்பார்கள்? அவர் வண்டி ஏறின மறுநாளே நான் எடுத்துக்கொண்டேன். பாழாய்ப் போய்விடக் கூடாது இல்லையா.

எடுத்ததும் விரல் லாக் போட்டேன். இதில் அது ஒரு நல்ல வசதி, பின்னால் விரலை வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிடும். அத்தை விரலையும் சேர்க்கத்தான் பார்த்தேன். ஏற்கவில்லை. மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகையெல்லாம் தேய்ந்து போன கை. ரேஷன் கடை மிஷினே அவர் விரலை நாலுதடவை கேட்கும். அதனால் அத்தையால் இதைத் திறக்க முடியாது. மகனிடம் பேசணும் என்றால் என்னைக் கூப்பிடணும். நான் குளித்துக்கொண்டு இருந்தால் குளித்து முடிக்கிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

நம்பர் லாக்கா? போடலாம். நீங்க சொல்வது சரிதான். ஆனால் அத்தையிடம் நம்பரைச் சொன்னால் மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அது நமக்குச் சரிப்படாது.

இன்னொரு குறை, காதில் வைத்துப் பேசும்போது கன்னம் பட்டுக் கட்டாகிவிடும். எனக்கு ஆகாது. நான் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன். அத்தை மகன் குரலைக் கேட்டால் போதும், போனைக் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொள்வார். உடனே கட். “என்னத்தா, வச்சுட்டானா?”ன்னு என் முகத்தைப் பார்ப்பார். “அவுகளுக்கு வேலை இருக்கும் அத்தை”ன்னு சொல்லிவிடுவேன். கன்னம் பட்டு, அதுவாகக் கட்டாகி, இதையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டு இருக்க நமக்கு நேரம் வேண்டாமா. அடுப்பில் சோறு கொதிக்கும்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். உங்க மகன் கேட்பது கேமராவுக்காகத்தான் இருக்கும்.

எங்க ஊரில் நூறு நாள் வேலைக்கு நான்தான் பொறுப்பாளர். அந்தப் பொறுப்பு வந்ததே இந்த போனால்தான். பத்தாவது படித்திருக்கணும், கையில் டச் போன் இருக்கணும் என்றார்கள். பத்தாவது எங்க தெருவில் ஏழெட்டுப் பேர் படித்திருக்கிறார்கள், போன் என்னிடம்தான் இருந்தது. காலையில் ஒரு படம், மத்தியானத்துக்கு மேல் ஒரு படம். வேலைக்கு வந்த அத்தனை பேரும் முகம் தெரிய நிற்கணும், வேலை நடக்கிற இடத்தில் நின்றே எடுக்கணும், அப்புறம் புளியமரத்தடிக்கு வந்து ஏற்றணும். ஆபீஸுக்கு ஒன்று எடுத்தால் என் கைக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொள்வேன், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் காட்ட.

படம் எடுப்பது லேசு, ஆளை நிறுத்துவதுதான் பாடு. எங்க ஊரில் வெள்ளத்தாயி என்று ஒரு மதினி, அவள் ஓர்ப்படியாள் ஆவுடைத்தாய். இரண்டு பேருக்கும் சுவர்த் தகராறு. ஒருத்தி நேராகப் பார்த்தால் மற்றவள் வேலிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஓவர்சியர் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தம்மாவுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்மா?”ன்னு கேட்டார். இவர்களை இரண்டு மூலையில் நிறுத்தி, முக்காட்டை எடுக்கச் சொல்லி, ஆண்களைத் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லி, அதற்குள் போன் இருட்டாகிவிடும். மறுபடி விரலை வைக்கணும்.

அப்போதுதான் பொன்னுத்தாயி சித்தி இறந்தார். வேலைக்கு வந்துகொண்டு இருந்தவர்தான், காய்ச்சலில் போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கணும், மாலை போட ஒரு படம் வேணும், வீட்டில் ஒரு படம்கூட இல்லை. மகன்கள் இரண்டு பேரும் என்னிடம் வந்து நின்றார்கள். என்னிடம் மாசக்கணக்கில் படம் இருக்கிறதே. கூட்டத்திலிருந்து சித்தியை மட்டும் வெட்டி எடுத்துக் கோவில்பட்டி ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு அனுப்பினேன். பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் நின்றது பாருங்க, அப்படி ஒரு அழகு. இந்த போனில் ஒரு வசதி இருக்கிறது, முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கி, சுருக்கத்தை எடுத்துவிடும். நான் எடுக்கும்போதெல்லாம் அதைத் தட்டிப் போட்டுக்கொள்வேன். சித்தியின் பேத்தி ஃபிளெக்ஸைப் பார்த்து இது யார் என்று கேட்டாள். ஆனால் ஊரே பாராட்டியது.

அதிலிருந்து பிடித்தது சனி. எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, நாளைக்கு நமக்கும் இவள் எடுக்கிற படம்தான் வரப்போகிறது என்று. மண் அள்ள வருகிறவர்கள் பவுடர் போட்டு வர ஆரம்பித்தார்கள். தலையில் கனகாம்பரம். “தாயி, நல்லா எடு. பஸ் ஸ்டாப்புல நிக்கப்போறது இதுதான”ன்னு கேலி வேறு. ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, ஓடை தூர்வாருறாங்களா, வளைகாப்புக்கு வந்திருக்காங்களா?”ன்னு கேட்டார். போன் அப்படி எடுக்கிறது.

இதன் பெரிய குறை அப்புறம்தான் தெரிந்தது. அத்தனை பேரும் ஒரே படத்தில் அடங்கணும் என்றால் அகலமாக எடுக்கிற பட்டனைத் தட்டணும். பின்னால் போய் எடுக்கலாம் என்றால் பின்னால் கருவேல முள். அகலமாக எடுத்தால் நடுவில் நிற்கிறவர்கள் நன்றாக வருவார்கள். ஓரத்தில் நிற்கிறவர்கள் முகம் இழுத்துவிடும். பனங்கிழங்கு மாதிரி நீண்டு, ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. அடுத்த சாவு ஒரு பெரியவருடையது. அவர் பாவம் ஓரத்தில் நின்ற ஆள். அண்ணாச்சி என்ன இழுத்துப் பார்த்தும் சரியாகவில்லை. ஃபிளெக்ஸில் அவரைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயந்துகொண்டு அந்தப் பக்கம் போகவில்லை.

அவ்வளவுதான், நடு இடத்துக்குச் சண்டை வந்துவிட்டது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறைக்குக்கூட எங்க ஊரில் அப்படிச் சண்டை வந்ததில்லை. நான்தான் யோசித்து முறை வைத்தேன். இன்றைக்கு இந்த ஐந்து பேர் நடுவில், நாளைக்கு அடுத்த ஐந்து பேர். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஓவர்சியரே, “சண்முகக்கனி, நீ கலெக்டராகவே போகலாம்”ன்னு சொன்னார். இரண்டே மாதத்தில் ஊரில் எல்லாருக்கும் நேரான முகம் ஒன்று என் போனில் வந்துவிட்டது. வெள்ளத்தாயிக்கும் உண்டு, ஆவுடைத்தாய்க்கும் உண்டு.

அத்தையா? அத்தையும் தினமும் வேலைக்கு வருவார்தான். அவரை ஓரத்தில்தான் நிறுத்துவேன். வேண்டுமென்று இல்லை அக்கா. நம்ம வீட்டு ஆளை நடுவில் நிறுத்தினால் நாலு பேர் பேசுவார்களா இல்லையா? மருமகள் போன் வைத்திருக்கிறாள், மாமியாரைக் கொலு வைத்திருக்கிறாள் என்று சொல்ல மாட்டார்களா? பொறுப்பு என்று வந்துவிட்டால் வீட்டைத் தள்ளித்தான் வைக்கணும். அத்தையும் ஒன்றும் சொன்னதில்லை. அவரே போய் வேலி ஓரத்தில் நின்றுகொள்வார். சும்மாடு கட்டின துணியைக்கூட எடுக்க மாட்டார். அப்படியே தலையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

ஒருதடவை கேட்டார்தான். எல்லாரும் நிற்கும்போது, சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஏ கனி, என்னைக்காவது என்னையும் நடுவுல நிப்பாட்டேன்.”

“உங்களுக்கு என்ன அத்தை அவசரம்? எங்க போயிரப் போறீங்க. வீட்டுலதான இருக்கீங்க, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். நம்ம பேச்சு அப்படித்தான், கலகலவென்று இருக்கும். வேலைத் தளத்தில் பொழுது போகணும் இல்லையா.

வீட்டில் எடுத்திருக்கலாம்தான். எங்கே அக்கா, வீட்டுக்கு வந்தால் போனைச் சார்ஜில் போடணும், இவளுக்குச் சோறு ஊட்டணும், இவளுக்கு வாயில் சோறு போகணும் என்றால் கையில் போன் இருக்கணும். அதற்குமேல் மெமரி பத்தாது. இதை எழுதியே வைத்துக்கொள்ளுங்க, இந்த போனில் மெமரி பத்தாது. உங்க மகனைக் கூடின மெமரி வாங்கச் சொல்லுங்க. கொஞ்ச நாளில் அதுவாகவே கேட்கும், எதையாவது அழி என்று. ஆபீஸ் படத்தை அழிக்க முடியுமா? கோயில் கொடையில் இவளுக்கு மொட்டை போட்டபோது அத்தை மடியில் வைத்து எடுத்தது ஒன்று இருந்தது. காது குத்துக்கு எடுத்தது இருந்தது. அதெல்லாம் போயிற்று. நான் புதுச்சேலை கட்டி எடுத்தது கொஞ்சம் இருக்கிறது, அது வேறு இடத்தில் வைத்திருந்ததால் தப்பித்தது.

அத்தை போனது ஒரு காலை நேரம். வேலைக்குக் கிளம்பிச் சட்டி எடுக்கக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “கொஞ்சம் தண்ணி குடு”ன்னார். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒருநாள் படுத்து, ஒருத்தருக்குக் கஷ்டம் கொடுத்து, எதுவும் கிடையாது.

எங்க வீட்டுக்காரருக்குச் சொன்னோம். அவர் ரயில் ஏறி வந்து சேர இரண்டு நாள். பங்குனி வெயில். ஐஸ் பெட்டி சொல்லலாம் என்றால் எங்க ஊர்க் கரண்டை நம்பி எதையும் வைக்க முடியாது. பெரியவர்கள் கூடிப் பேசி, அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். ஒரே மகன் இல்லாமல் பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். இவர் ரயிலுக்குள் இருந்து அழுதுகொண்டே, முகத்தை மட்டும் ஒருதடவை காட்டச் சொன்னார். வீடியோவில்.

டவர் வேணுமே. நான் போனைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நிற்க, பாடையை அந்தப் பக்கமாகவே கொண்டுவரச் சொல்லி இறக்கி வைத்தார்கள். காலையிலிருந்து நூறு பேருக்குப் பேசிய போன். உச்சி வெயில். இவர் முகம் தெரிந்தது, “யம்மா” என்ற சத்தம் வந்தது. நான் போனை அத்தை பக்கம் திருப்பினேன். திருப்பின நேரம், போன் சூடாகிவிட்டது, கேமராவை மூடுகிறேன் என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. வெயிலில் இது இப்படிச் செய்யும் அக்கா. உங்க மகனிடம் சொல்லி வையுங்க. துண்டை நனைத்துச் சுற்றினேன், வாயால் ஊதினேன். எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்? கொண்டு போய்விட்டார்கள்.

இவர் வந்து சேர்ந்தபோது வீட்டில் விளக்கு மட்டும்தான் எரிந்துகொண்டு இருந்தது. விளக்குக்குப் பின்னால் படம் இல்லை. நேராக அதைத்தான் பார்த்தார்.

ஆதார் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் இருப்பது அத்தையா, அத்தை நிழலில் ஒதுங்கின வேறு யாரோவா என்று எடுத்த ஆளுக்கே தெரியாது. கறுப்பு மை அப்பின மாதிரி இருக்கும். எங்க கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார். அதில் அத்தை ஒரு பக்கத்திலும் இல்லை. தாலி அறுத்தவர் மணவறைப் பக்கம் வர மாட்டார் இல்லையா, பந்தி நடக்கிற இடத்திலேயே நின்றுகொண்டார். சாம்பார் வாளி தெரிகிற ஒரு படத்தில் ஒரு கை இருக்கிறது. அது அத்தை கைதான் என்று இவர் சொல்கிறார்.

அப்புறம் போனை வாங்கினார். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். காலைப் படம், மத்தியானப் படம், காலைப் படம், மத்தியானப் படம். எல்லாவற்றிலும் அத்தை இருக்கிறார். எல்லாவற்றிலும் வேலி ஓரத்தில், முகம் நீண்டு, சும்மாடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. பாதிப் படத்தில் காதுக்கு அந்தப் பக்கம் இல்லவே இல்லை.

“ஊருக்கே மூஞ்சி எடுத்துக் குடுத்திருக்க. எங்கம்மா மூஞ்சி ஒண்ணு நேரா இல்லையா ஒங்கிட்ட?”

எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம். சாவு வீட்டில் அத்தனை சோலியும் நான் பார்த்திருக்கிறேன், ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டியிருக்கிறது. “போன் நீங்க வாங்குனதுதான? ஓரத்துல நின்னா இழுக்கும்னு கடையில கேட்டு வாங்கியிருக்கணும்”ன்னு சொல்லிவிட்டேன். தப்பா சொல்லுங்க? அதிலிருந்து அவரிடம் பேச்சே இல்லை. மொட்டைத் தலையோடு வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார். விசேஷத்துக்கு என்ன வாங்கணும் என்று கேட்டால் தலையை ஆட்டுவார். படம் இல்லாமல் பதினாறு கும்பிட மாட்டேன் என்று தன் சித்தப்பாவிடம் சொன்னாராம். என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை.

நானும் சும்மா இல்லை. அண்ணாச்சிக்கு அனுப்பினேன். ஒரு படத்தை நேராக்கி அனுப்பினார். கண் அளவாக, கன்னம் அளவாக, வெள்ளை வெளேரென்று. எனக்கு நன்றாகத்தான் பட்டது. இவர் பார்த்துவிட்டு, “இது யாரு?”ன்னு கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாட்ஸப்பில் அனுப்பினால் தெளிவு குறையும், போனையே கொண்டு வாங்க, மூலப் படத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் இந்தப் பயணம். நாளைக்குக் காலையில் விளக்குக்குப் பின்னால் ஏதாவது ஒரு முகம் இருக்கணும் இல்லையா.

இருங்க, இவள் தலை நழுவுகிறது. இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடிங்க. ம், போதும்.

ஆனால் ஒன்று சொல்லணும், இந்த போனில் நல்லதும் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம்தான் அது தெரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நீங்க முன்பின் தெரியாத ஆள், அதனால் சொல்கிறேன்.

நேற்று அவராகவே வந்து போனைக் கேட்டார். விரலை வைத்துத் திறந்து கொடுத்தேன். மறுபடி அதே படங்களைத் தள்ளிக்கொண்டு இருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறேன். தள்ளிக்கொண்டே போனவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். எது என்று எட்டிப் பார்த்தால், என் படம்.

அது தை மாசம் எடுத்தது. மத்தியானப் படம் முடிந்து எல்லாரும் கலைந்துவிட்டார்கள். தினமும் ஊரையே எடுக்கிறோம், வேலைத் தளத்தில் நமக்கு ஒரு படம் இல்லையே என்று தோன்றியது. அத்தைதான் பக்கத்தில் இருந்தார். போனைக் கையில் கொடுத்து, இந்த வட்டத்தைத் தொட்டால் போதும் என்று காட்டினேன். அவர் கையில் போனைக் கொடுத்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன். அத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் படுத்தின பாடு இருக்கே. “இங்கன வா. இல்ல, கொஞ்சம் அங்கிட்டு. நடுவுல நில்லு, நடுவுல”ன்னு சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் போனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்ட வந்தார், தன் முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தார், பொட்டைச் சரி செய்தார், திரும்பிப் போய் நின்றார். “ஆடாம இரு தாயி”ன்னார். எனக்குக் கால் கடுத்துப்போயிற்று. சாய்ந்த வெயில், அத்தைக்குப் பின்னால் சூரியன். அவர் நிழல் நீளமாக விழுந்து என் காலடி வரைக்கும் வந்து கிடக்கிறது. இரண்டு முழங்கையையும் விரித்து, தலையில் சும்மாடோடு, அப்படியே வரைந்து வைத்தாற்போல் நேராக விழுந்திருக்கிறது. நிழல் விழாமல் எடுக்கணும் என்று அவருக்கு என்ன தெரியும்? அதை மட்டும் வெட்டிவிட்டு நான் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். முழுப்படம் எப்படியோ அழியாமல் கிடந்திருக்கிறது.

அந்தப் படத்தைத்தான் அக்கா பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தைக்கூட இல்லை, கீழே, என் காலடியை. எனக்கு ஒரே கூச்சம். போன பொங்கலுக்கு அவர்தான் கொலுசு எடுத்துக் கொடுத்தார், அதைத்தான் பார்க்கிறார் போல. ஆள்காட்டி விரலால் திரை மேல் மெதுவாகத் தடவுகிறார். பார்த்துக்கொண்டே இருந்தவர் தோள் குலுங்கியது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அழாத மனுஷன் அக்கா. வந்த அன்றைக்குக்கூட அழவில்லை. இவளோடு பேசாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்திருப்பார். நானும் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டேன். எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டு இருப்பது.

அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“நாளைக்கி இதப் பெருசாப் போட்டு, சட்டம் அடிச்சு வாங்கிட்டு வா. கீழ வெட்டாமப் போடச் சொல்லு.”

“இதையா? அத்தை படம்?”ன்னேன்.

“இது போதும்”னார்.

தாய் செத்துப் பதினாறு முடியவில்லை, பொண்டாட்டி படத்துக்குச் சட்டம் அடிக்கச் சொல்கிறார். ஊர் என்ன சொல்லும்? ஆனாலும் மனசுக்குள் ஒரு இது இருக்கத்தானே செய்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதனால் இரண்டையும் அண்ணாச்சியிடம் கொடுக்கப் போகிறேன். அத்தை முகத்தை எப்படியாவது நேராக்கிக் கொடுங்க, அது விளக்குக்குப் பின்னால். என் படம் பெரிதாக, அது உள்வீட்டில். கீழே அந்த நிழல் மட்டும் அசிங்கமாக இருக்கும், வெட்டச் சொல்லலாம் என்று பார்த்தேன், வெட்டாதே என்று சொல்லியிருக்கிறாரே, கொலுசு போய்விடும் என்று. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

காட்டுகிறேன், பாருங்க. இருங்க, விரல் வேர்த்திருக்கிறது. ம். இதுதான். பிடிங்க, கன்னம் பட்டாலும் இப்போது ஒன்றும் ஆகாது, நல்லா கிட்டத்தில் வைத்தே பாருங்க.

எப்படி இருக்கிறது? மண்வேலை முடித்துவிட்டு நிற்கிற மாதிரியா இருக்கிறது? அந்த வெளுப்பாக்குகிற வசதிகூடப் போடவில்லை, அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. உங்க மகனிடம் தைரியமாகச் சொல்லுங்க, நல்ல போன்தான்.

என்னக்கா, நீங்களும் கீழேயே பார்க்கிறீங்க. கொலுசு அதில் சரியாகத் தெரியாது. மேலே பாருங்க, முகத்தைப் பாருங்க. அதைத்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன், நடுவில் ஆளை நிறுத்தி எடுத்தால் இந்த போனில் ஒரு குறையும் வராது.